டேங்க் நிரப்ப நல்ல நேரம் பார்ப்பது எப்படி?

ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக்குக் காலையில் ஒரு விலை, வெயில் ஏறியதும் இன்னொரு விலை. யாரும் காரணம் கேட்பதில்லை. வரத்து அதிகம் அல்லது வரத்து குறைவு, அவ்வளவுதான் விளக்கம். டீசலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது ஒரு ரூபாய் ஏறினால் ஈரான், இஸ்ரேல், உக்ரைன், டாலர், டிரம்ப் என்று இத்தனை பேரும் டீக்கடை பெஞ்சுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பகுதிக் குட்டியானை வண்டிக்காரர்கள், தோட்டத்து டீசல் என்ஜின்காரர்கள், ஓசூர் சிப்காட்டுக்கு பைக்கில் ஷிப்டு போய்வரும் பிள்ளைகள் ஆகியோர் நலன் கருதி இந்தப் பஞ்சாங்கம் கணிக்கப்பட்டுள்ளது. இதை ஒருமுறை படித்தவர் பங்க்கில் விலை எப்போது ஏறும், எப்போது அசையாமல் நிற்கும், எப்போது இறங்கும் என்று தாமே சொல்லிவிடலாம். இறங்கும் பகுதி கொஞ்சம் சிறியது. பொறுத்தருளவும்.

தேவையானவை மூன்று: ஓர் உலக வரைபடம், ஒரு நாட்காட்டி, தேர்தல் ஆணையம் வெளியிடும் தேதிப் பட்டியல். மூன்றையும் சுமக்க முடியாதவர்கள் முதல் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

ராகு காலம்

வரைபடத்தில் பாரசீக வளைகுடாவின் வாயைத் தேடுங்கள். அங்கேதான் ஹார்முஸ் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகிற தூரம். அந்த வழியாக 2024-ல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் செலவழிப்பதில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர், பெருக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெருக்கிக்கொள்ளலாம்.

இடுக்கைப் பிடித்தவன் கை ஓங்கும் என்பதை ராயக்கோட்டைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் மலைக்கோட்டை மைசூர் மேட்டுநிலத்திலிருந்து பாராமகால் வட்டாரத்துக்கு இறங்கும் வழியைக் காவல் காத்த கோட்டை. 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலே திப்புவின் கையைவிட்டுப் போயிற்று. அப்போது இந்த வழியில் போனதெல்லாம் மாட்டுவண்டி. சண்டை வந்ததும் வைக்கோல் விலை ஏறியிருக்கும், சண்டை முடிந்தபின் இறங்கியதா என்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

இப்போது ஒரு பயிற்சி. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 70 டாலருக்குக் கீழே கிடந்த பிரெண்ட் கச்சா எண்ணெய் சில நாட்களில் 80 டாலரை எட்டிப் பார்த்தது. ஜூன் 22-ல் அமெரிக்கா ஈரானின் அணுசக்தித் தளங்கள் மீது குண்டு போட்டது, ஹார்முஸை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் கை தூக்கியது. ஜூன் 24-ல் போர்நிறுத்தம் வந்ததும் விலை மறுபடி 70-க்குக் கீழே இறங்கிக்கொண்டது. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் இந்தப் பன்னிரண்டு நாளும் ராயக்கோட்டை பங்க்கில் என்ன நடந்திருக்க வேண்டும்?

ஒன்றும் நடக்கவில்லை. பைசாக் கணக்கில் அசைந்ததைத் தவிர விலைப் பலகை நின்ற இடத்திலேயே நின்றது.

புதிதாகக் கற்க வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். போர் வந்தால் விலை ஏறும் என்ற பாடம் லண்டன் சந்தைக்குச் சரி. நம் பங்க்கில் அந்தப் பாடத்துக்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: எங்கேயாவது தேர்தல் இருக்கிறதா?

நல்ல நேரம்

சட்டப்படி பார்த்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2010 ஜூனில் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலையாகிவிட்டன. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு உலகச் சந்தையைப் பார்த்து விலை மாற வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் தனித்தனிக் கம்பெனிகள். தனித்தனி நிறம், தனித்தனிச் சின்னம். ஆனால் மௌன விரதம் இருப்பது மட்டும் மூன்றும் ஒரே தேதியில்.

விரதம் எப்படி இருக்கும் என்று பார்க்க அத்திப்பள்ளி தாண்டினால் போதும். 2018 மே 12, கர்நாடக சட்டமன்றத் தேர்தல். தினமும் மாறிக்கொண்டிருந்த பெட்ரோல், டீசல் விலை ஏப்ரல் 24-ல் சட்டென்று நின்றது. அந்த நேரத்தில் உலகம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. மே 8 அன்று டிரம்ப் ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்காவை வெளியே இழுத்தார். கச்சா விலை மேலே போய்க்கொண்டிருந்தது. பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர் மட்டும் நேற்றைய விலையையே இன்றும் அடித்துக்கொண்டிருந்தார். மக்கள் பதற்றப்படக் கூடாது என்று தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று இந்தியன் ஆயில் தலைவர் விளக்கம் சொன்னார். நல்ல எண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை.

இதில் நமக்குக் கிடைத்த லாபத்தைக் கவனியுங்கள். வாக்குப்பதிவு எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லில். ராயக்கோட்டையில் தேர்தலும் கிடையாது, மையும் கிடையாது, பிரியாணிப் பொட்டலமும் கிடையாது. ஆனாலும் விலை நமக்கும் நின்றது. மத்தியக் கம்பெனிகளின் மௌனம் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் இறங்கிவிடுவதில்லையே. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட சீரியல் விளக்கு நம் வாசலுக்கும் வெளிச்சம் தந்த மாதிரி. ஆகவே முதல் விதி: உங்கள் ஊரில் தேர்தல் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். பெரிய மாநிலம் எதிலாவது இருந்தால் போதும், டேங்க்கைப் பாதியாக வைத்துக்கொண்டு நிம்மதியாக வண்டி ஓட்டலாம்.

வாக்குப்பதிவு முடிந்து ஒரு ஞாயிறு போயிற்று. மே 14 திங்கள் காலை 6 மணிக்கு விரதம் கலைந்தது. அன்று தொடங்கி மே 29 வரை பதினாறு நாள் விடாமல் ஏற்றம். டெல்லிக் கணக்கில் பெட்ரோல் 3 ரூபாய் 80 பைசா, டீசல் 3 ரூபாய் 38 பைசா. நடுவில் மே 17-ல் பிரெண்ட் 80 டாலரைத் தொட்டது. ஆகவே ஏற்றத்துக்குக் காரணம் உலகச் சந்தை என்று சொன்னதில் பொய்யே இல்லை. காரணம் பத்தொன்பது நாள் வரிசையில் நின்று காத்திருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மே 30-ஐத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பஞ்சாங்கத்தில் விசேஷ நாள். அன்று காலை 60 பைசா குறைவு என்று அறிவிப்பு வந்தது. ஊரே மூச்சுவிட்டது. சற்று நேரத்தில், கணினியில் தவறு நேர்ந்துவிட்டது, குறைவு 1 பைசா என்று திருத்தம் வந்தது. முப்பது லிட்டர் டேங்க்கை நிரப்பினால் முப்பது பைசா மிச்சம். நாலணா நாணயம் 2011-லேயே செல்லாமல் போய்விட்டதால் மிச்சத்தைக் கையில் வாங்க வழியில்லாமல் போனது.

எமகண்டம்

இனி, விலை எந்த நாளில் ஏறும் என்று கணிக்கும் முறை. பழைய தேதிகளை அடுக்கிப் பார்த்தாலே பிடிபடும். 2018-ல் வாக்குப்பதிவு முடிந்த இரண்டாம் நாள். 2021-ல் தமிழ்நாடு, மேற்கு வங்கம், கேரளம், அசாம், புதுச்சேரி முடிவுகள் மே 2-ல் வந்தன. மே 4-ல் ஏற்றம் தொடங்கியது, அதுவும் இரண்டாம் நாள்.

இந்தக் கலையின் உச்சம் 2022. முந்தைய ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள், நவம்பர் 3 அன்று, மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. அதோடு விலை அப்படியே உறைந்தது. உத்தரப்பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் வந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 7-ல் பிரெண்ட் ஒரு கட்டத்தில் 139 டாலர் வரை எகிறியது. ஐரோப்பாவில் கார்க்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 பைசா, டீசல் 91 ரூபாய் 43 பைசா. நவம்பரிலும் அதுதான், ஜனவரியிலும் அதுதான், குண்டு விழுந்த அன்றைக்கும் அதுதான். மொத்தம் 137 நாள். முனிவர்கள்கூட இத்தனை நாள் அசையாமல் இருப்பது சிரமம்.

மார்ச் 10-ல் முடிவுகள் வந்தன. மார்ச் 22-ல் 80 பைசா ஏற்றம். பிறகு மறுநாளும் 80, ஒருநாள் விட்டு இன்னொரு 80. ஏப்ரல் 6-க்குள் பதினாறு நாளில் பதினான்கு தடவை, ஏறக்குறைய 10 ரூபாய். சென்னையில் டீசல் 100 ரூபாய் 94 பைசாவில் போய் நின்றது. தவணையாக ஏற்றினால் வலி தெரியாது என்பது வட்டிக்கடை நடத்துகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த வித்தைதான்.

ஆகவே எமகண்டம் என்பது ஓட்டுப் பெட்டி மூடிய, அல்லது எண்ணிய, இரண்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள். வெற்றி ஊர்வலத்தின் பட்டாசுக் குப்பை பெருக்கும் முன்பே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். கேனில் வாங்கி வீட்டில் சேர்த்துவைக்க நினைப்பவர்களுக்குத் தீயணைப்புத் துறை வேறு பஞ்சாங்கம் வைத்திருக்கிறது.

விதிக்கு விலக்கு உண்டா? உண்டு. 2024 மார்ச் 14 இரவு 2 ரூபாய் குறைப்பு அறிவித்தார்கள். மார்ச் 15 காலை அமலானது, மார்ச் 16 மக்களவைத் தேர்தல் தேதி வந்து நடத்தை விதிகளும் வந்தன. ஒரு நாள் தாமதித்திருந்தால் சிக்கல். ஜூன் 4-ல் முடிவு வந்தபின் மத்தியில் விலை ஏற்றவில்லை. ஏற்றும் பொறுப்பை அந்தமுறை பெங்களூரு எடுத்துக்கொண்டது. அதைச் சூலம் பகுதியில் பார்ப்போம்.

நிறுத்தி வைத்த நாட்களின் நஷ்டம் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டின. கச்சா இறங்கியபோது பங்க் விலையை இறக்காமல் வைத்திருந்த 2023-24-ல் அவற்றின் லாபம் சுமார் 81,000 கோடி. விரதத்தில் விட்ட சாப்பாட்டை விருந்தில் பிடித்துவிட்டார்கள்.

குளிகை

குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால்தான் கடன் வாங்க அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வரி போடுகிறவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2014 ஜூனில் 115 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. அந்த இறக்கம் பங்க்குக்கு வந்து சேரும் முன் வழியில் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கலால் வரி ஒன்பது முறை உயர்ந்தது.

அதைவிட அழகான காட்சி 2020. கொரோனாவில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் டபிள்யூடிஐ எண்ணெய் வாயிதா விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலர் 63 சென்ட்டுக்குப் போனது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவனுக்குப் பணமும் கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்ததும், நம் ஊரிலும் பங்க்குக்குப் போனால் பணம் தருவார்கள் என்று எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். மே முதல் வாரத்தில் தமிழ்நாடு அரசு வாட் வரியைப் பெட்ரோலுக்கு 3 ரூபாய் 25 பைசாவும் டீசலுக்கு 2 ரூபாய் 50 பைசாவும் ஏற்றியது. அடுத்த இரண்டொரு நாளில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் கலால் கூட்டியது. 2014-ல் ஒரு லிட்டர் டீசலுக்கு 3 ரூபாய் 56 பைசாவாக இருந்த கலால் அன்றைக்கு 31 ரூபாய் 83 பைசா. போரில் ஏறுவதைத் தேர்தல் தள்ளிப்போடும். அமைதியில் இறங்குவதை வரி எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே விலை இறங்கும் நாள் எது என்று கேட்டால், முதலிலேயே சொன்னேன், அந்தப் பகுதி சிறியது.

தேர்தல் அறிக்கையில் வரும் குறைப்புகளுக்குத் தனிக் கணக்கு. 2021-ல் திமுக பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாகச் சொன்னது. அந்த ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. டீசலுக்கு அப்போது குறையவில்லை. தக்காளி பெட்ரோலில் போவதில்லை என்பதை வாக்காளர் அப்போதுதான் கவனித்தார்.

சூலம்

எந்தத் திசையில் போய் டீசல் போடுவது என்பது எல்லைப் பகுதிக்கே உரிய சாஸ்திரம். பல ஆண்டுகள் விடை சுலபம்: வடக்கே, அத்திப்பள்ளிப் பக்கம். சென்னையில் டீசல் 92 ரூபாய் என்றால் பெங்களூரில் 86. ஓசூர் பங்க்குகளுக்கு முன்னால் டீசல் லாரிகள் வேகம் குறைத்ததே இல்லை, எல்லை தாண்டிய பிறகுதான் இண்டிகேட்டர் போட்டன.

இதைக் கேள்விப்பட்டு ராயக்கோட்டையிலிருந்து கிளம்பும் ஆர்வக்காரர்களுக்கு ஒரு கணக்கு. போக வர எண்பது கிலோமீட்டருக்கு மேல். குட்டியானை லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால், கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், நான்கு லிட்டருக்கு மேல் செலவு. முப்பது லிட்டர் நிரப்பினால் மிச்சம் 180 ரூபாய். மிச்சம் பிடிக்க எரித்தது அதைப் போல் இரண்டு மடங்கு. தக்காளி லோடோடு பெங்களூரு போகிறவருக்கு மட்டுமே இந்தத் திசை பலிக்கும். சும்மா போகிறவர் ஒரு மசால் தோசையாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும், பயணத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

அந்தச் சூலமும் திரும்பிவிட்டது. மக்களவை முடிவு வந்த பதினோராம் நாள், 2024 ஜூன் 15 அன்று, கர்நாடக அரசு விற்பனை வரியை டீசலுக்கு 14.3 சதவீதத்திலிருந்து 18.4 ஆகவும் பெட்ரோலுக்கு 25.92-லிருந்து 29.84 ஆகவும் உயர்த்தியது. இரண்டும் லிட்டருக்குச் சுமார் 3 ரூபாய் ஏறின. முந்தைய நாள் வரை சென்னையைவிட மலிவாக இருந்த பெங்களூரு பெட்ரோல் ஒரே இரவில் சென்னையைத் தாண்டியது. 2025 ஏப்ரல் 1-ல் டீசல் வரி மறுபடி ஏறி 21.17 சதவீதம் ஆனது. ஆறு ரூபாயாக இருந்த டீசல் வித்தியாசம் இரண்டு ரூபாய்க்குள் சுருங்கிப்போனது. இத்தனைக்கும் இந்த மாற்றத்தில் ஈரானுக்கோ உக்ரைனுக்கோ எந்தப் பங்கும் இல்லை. போர் நடந்தது பெங்களூரு நிதித்துறைக்கும் அதன் கஜானாவுக்கும் இடையில்.

வியாழக்கிழமை தெற்கே சூலம், பரிகாரம் தைலம் என்கிறது பழைய பஞ்சாங்கம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குத் திரும்புகிறவர்கள் அந்தத் தைலத்தை லிட்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

வெளிநாட்டுத் தேர்தல்

சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவிலும் பங்க் விலை உயர்ந்தால் ஓட்டு விழாது. 2018 நவம்பர் 6 அவர்களுக்கு இடைக்காலத் தேர்தல். முந்தைய நாள் ஈரான் எண்ணெய் மீதான தடை அமலுக்கு வந்தது, ஆனால் இந்தியா உட்பட எட்டு நாடுகள் கொஞ்ச காலம் வாங்கிக்கொள்ளலாம் என்று விலக்கும் கூடவே வந்தது. அக்டோபரில் 86 டாலரைத் தொட்ட பிரெண்ட் நவம்பர் கடைசியில் 60-க்குக் கீழே. 2022-ல் இன்னொரு இடைக்காலத் தேர்தல் வருடம். பைடன் அவசரக் கையிருப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் திறந்துவிட்டார். நம்மிடமும் கையிருப்பு உண்டு: விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் வரை வைக்கலாம். நாடு முழுக்க ஓடினால் பத்து நாளுக்குக்கூட வராது. ஒரு வாக்குப்பதிவுக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடைவெளி அவ்வளவுதான் இருக்கும்.

எலெக்ட்ரிக் வண்டி வாங்கிவிட்டால் இந்தப் பஞ்சாங்கமே வேண்டாமே என்பவர்களுக்கு: வாங்கலாம். ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியில் தயாராகிறது, ஏத்தர் ஓசூரில். ஆனால் மானியம் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்க்க அதற்கும் ஒரு பஞ்சாங்கம் எழுத வேண்டியிருக்கும்.

வாடகை பேசுவது

இதுவரை படித்த கலையைக் காசாக்கும் கட்டம் இது. டீசல் ஏறிய அன்று சாயங்காலமே வண்டி வாடகை ஏறும், அதற்கு உங்கள் உதவி தேவையில்லை. தக்காளிக் கிரேடுக்கு இவ்வளவு என்று மண்டிச் சீட்டில் கமிஷனுக்கும் இறக்குக் கூலிக்கும் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். விலை குறையும் அபூர்வ நாளில்தான் உங்களுக்கு வேலை. காலையில் குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, வண்டிக்காரத் தம்பி டீ குடித்து முடிக்கும் தறுவாயில் பக்கத்தில் போய் உட்காருங்கள். டீக்கான காசை நீங்களே கொடுங்கள். குரலில் கெஞ்சல் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம். 2024 மார்ச் 15 காலை மாதிரியான ஒரு நாளுக்கு இப்படித் தொடங்கலாம்:

“தம்பி, டீசல்ல ரெண்டு ரூபா கொறச்சிட்டாங்களாமே. வாடகையில கொஞ்சம் பாத்துப் போடேன்.”

“டயரு, இன்சூரன்சு, டோலு எல்லாம் கொறஞ்சுச்சாண்ணா?”

“அதெல்லாம் சரி தம்பி. டீசல் கொறஞ்சுருக்குல்ல.”

அவர் கிளாஸைக் கீழே வைப்பார். சாவியை எடுப்பார். வண்டியில் ஏறி ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி சொல்வார்: “எலெக்ஷன் முடியட்டும்ணா. அதுக்கப்பறம் என்ன வெல நிக்குதோ, அத வெச்சுப் பேசிக்கலாம்.”